இடது இருக்கையின் எடை

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பட்டுச்சேலையும் கைப்பையுமாக, என் மனைவி காரை விட்டு இறங்கிப் பஸ் ஏறினாள். சண்டையெல்லாம் கிடையாது. எங்கள் பக்கத்தில் சண்டையே மரியாதையாகத்தான் நடக்கும். அன்றைக்கு அதுவும் நடக்கவில்லை. "சித்த ஓரமா நிறுத்துங்க," என்றாள். நிறுத்தினேன். ஒரு கையால் கதவையும் மறு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டு, கிணற்றுப் படியேறி வருகிறவளைப் போல மேலே வந்தாள். பிறகு குனிந்து ஜன்னல் வழியாகச் சொன்னாள்.

"நீங்க மெல்ல வாங்க. நான் பஸ்ல முன்னாடி போயி, நீங்க வந்துட்டிருக்கீங்கன்னு அண்ணங்கிட்டச் சொல்லிப்போடறேன்."

"முன்னாடியா? இது ஸ்போர்ட்ஸ் காரு அம்மணி."

"தெரியுமுங்க. அதுனாலதானுங்க எறங்கறேன்."

பெருந்துறையில் அவளுடைய அண்ணன் வீட்டு விருந்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். செங்கப்பள்ளி தாண்டியதும் அந்தப் பஸ் என்னை முந்திச் சென்றது. ஈரோடு என்று நெற்றியில் எழுதி, பின்பக்கம் தொங்கும் வாழைத்தார் ஒன்றோடு, சொகுசாக ஆடி அசைந்து போனது. மூன்றாவது ஜன்னலில் அவள். என்னைப் பார்த்துக் கையசைத்தாள். கேலியாக அசைத்திருந்தால் தாங்கியிருப்பேன். ரயிலேறும் உறவுக்காரருக்கு அசைப்பதுபோல, அக்கறையோடு அசைத்தாள்.

பஸ் முந்தும் அளவுக்கு நான் ஏன் மெல்லப் போனேன் என்று சொல்ல வேண்டும். சாலையில் ஒரு பாலத்தின் இணைப்பு வந்தால் போதும், அடி நேராக என் வாய்க்குள் விழுந்து பற்கள் ஒன்றோடொன்று கைகொடுத்துக்கொண்டன. அறுபதுக்கு மேல் போனால் கண்ணாடியில் தெரியும் லாரி இரண்டு லாரியாகத் தெரிந்தது. ஆகவே நாற்பது. ஸ்போர்ட்ஸ் கார், நாற்பது. மாடு பூட்டிய வண்டி ஒன்று பின்னால் வந்திருந்தால் வழிவிட்டிருப்பேன்.

அந்தக் கார் எனக்கு வந்தது ஒரு மில்காரர் வீட்டு ஷெட்டிலிருந்து. கதவு இரண்டு, இருக்கை இரண்டு, கூரைக்குத் துணி. வெளிநாட்டில் பிறந்து, யாரோ ஒரு முதலாளி வீட்டுப் பிள்ளையின் கல்லூரிக் காலத்தில் ஊரைச் சுற்றி, அந்தப் பிள்ளைக்கு வழுக்கை விழுந்த பிறகு கோழிகளின் வசிப்பிடமாக மாறியிருந்தது. நான் பார்க்கப் போன அன்று ஓட்டுநர் இருக்கையில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அதை எழுப்பிவிட்டு நான் உட்கார்ந்தேன். இருக்கை சூடாக இருந்தது. நாற்பத்தொன்பது வயதில் ஒருவன் அப்படியொரு கதகதப்பில் உட்கார்ந்துவிட்டால் பிறகு நியாயம் பேசிப் பயனில்லை. பம்ப்செட்டுகளுக்கு விளம்பர வாசகம் எழுதிச் சம்பாதிக்கிறேன். சம்பாதிக்காத நேரத்தில் கவிதை எழுதுகிறேன். தண்ணீரை மேலே ஏற்றும் எந்திரத்தைப் பற்றி இருபத்தைந்து வருஷமாக எழுதியவனுக்கு, தானும் எங்காவது சீறிப் பாய வேண்டும் என்று ஒரு நாள் தோன்றாதா?

முதலில் காரிலிருந்த ஷாக் அப்சார்பர்கள் அதனுடனேயே பிறந்தவை. நான்கு சக்கரத்துக்கு நான்கு. ஸ்பிரிங் துள்ளும், துள்ளியது போதும் என்று அதன் தோளில் கைவைத்து அடக்குவது இவற்றின் வேலை. ஒரு குழாய், அதற்குள் எண்ணெய், எண்ணெய்க்குள் ஏறி இறங்கும் ஓட்டை போட்ட பிஸ்டன், அவ்வளவுதான். என்னுடையவற்றில் எண்ணெய் வெளியே வந்து, புழுதியோடு சேர்ந்து, எள்ளுருண்டைப் பாகு மாதிரி ஒட்டிக் கிடந்தது. அதனால் ஒரு வேகத்தடையைத் தாண்டினால் மூன்றாவது கடை வரும்வரை கார் தலையாட்டிக்கொண்டே போகும், மாமனார் பேசப் பேச ஆமோதிக்கும் புது மாப்பிள்ளை மாதிரி. மனைவிக்கு அதில் குமட்டியது. முதுகில் ஒரு டிஸ்க் வேறு அவளுக்குப் பத்து வருஷமாக விலகியும் விலகாமலும் இருக்கிறது. "மாத்திப்போடுங்களே," என்றாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் இணையத்துக்குள் இறங்கினேன்.

ஒரு மாதம் படித்தேன். உலகத்தில் ஷாக் அப்சார்பர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் காதலைப் பற்றி எழுதுகிறவர்களைவிட அதிகம். சிவப்பு நிறத்தில் ஒன்று, நீலத்தில் ஒன்று, மஞ்சளில் ஒன்று. அளவு, நீளம், அழுத்தம் என்று ஏதேதோ எண்கள். எனக்கு எண்கள் ஆகாது. மஞ்சளுக்குக் கீழே யாரோ ஒருவர் எழுதியிருந்தார், இதைப் பொருத்தினால் சாலை உங்களோடு பேசும் என்று. அந்த வரிக்காக வாங்கினேன். எங்கோ பந்தயத் தடத்தில் எழுதப்பட்ட வரி அது. நம் ஊர்ச் சாலை எந்த மொழியில் பேசும் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

சாலை பேசியது. வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை.

அப்படிப் பேச்சு வாங்கிக்கொண்டுதான், பஸ் போன முக்கால் மணி நேரம் கழித்துப் பெருந்துறை போய்ச் சேர்ந்தேன். வாசலில் அவளுடைய அண்ணன். தொழிற்பேட்டையில் பாய்லர் உதிரிபாகம் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். ஊருக்கு வெளியே சொந்தமாக ஒரு கல்யாண மண்டபமும் உண்டு.

"வாங்க மாப்ளே, வாங்க. அம்மணி வந்து காப்பி குடிச்சு, குளிச்சு, ஒரு தூக்கமும் போட்டாச்சு," என்றார். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "அழகுங்க. அழகுக்கு ஒரு கொறையுமில்லை. இத ஓட்டோணும்னு என்னங்க கட்டாயம்?"

"ஓட்டறதுக்குத்தானுங்களே மச்சான் காரு."

"எனக்குக் குடுத்துப்போடுங்க. மண்டபத்து வாசல்ல ஒரு மேடை கட்டி ஏத்தி நிறுத்திப்போடறேன். பொண்ணு மாப்பிள்ளை உள்ள உக்காந்து போட்டோ எடுத்துக்கட்டும். காருக்கும் நிம்மதி, உங்குளுக்கும் நிம்மதி. என்ற தங்கச்சி முதுகுக்கும் நிம்மதி."

உள்ளேயிருந்து என் மனைவி வந்தாள். முகத்தில் தூங்கி எழுந்த தெளிவு. "அடுத்த மாசம் உங்க பேரனுக்குக் காதுகுத்து வருதல்லங்ணா," என்றாள் அண்ணனிடம், நான் அங்கே இல்லாததுபோல. "அதுக்கு இன்னொருக்கா இந்தக் காருல உக்காந்து வாரேன். நடுவழியில எறங்குனேன்னா நீங்களே எடுத்துக்குங்க. எறங்கலீன்னா அப்பறம் யாரும் பேசக் கூடாது."

"நாயமான பேச்சு," என்றார் அண்ணன்.

என் காரைப் பற்றிய ஒப்பந்தம் என் முன்னாலேயே முடிந்தது. நான் தலையாட்டினேன். அதே பழைய ஷாக் அப்சார்பரின் தலையாட்டல். மறு வாரமே மண்டபத்து வாசலில் செங்கல் இறங்கிவிட்டதாகச் செய்தி வந்தது.

சிங்காநல்லூரில், மூடிப்போன ஒரு மில்லின் பின்சுவரை ஒட்டி ஒரு பட்டறை இருக்கிறது. ரேஸ் ஓட்டும் இளைஞர்களின் காரிலிருந்து மினி ஆட்டோவரைக்கும் ஷாக் அப்சார்பரைப் பிரித்துக் கோக்கிறவர் அதன் சொந்தக்காரர். என் வயதுதான் இருக்கும். சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடி, சுவரில் ஏசு படம், ஏசுவுக்குக் கீழே ஸ்பேனர்கள் அளவு வாரியாக. கதவு வாசலில் காரை நிறுத்தியதுமே வெளியே வந்து, முன்பக்கத்து ஓரத்தில் இரண்டு கையையும் ஊன்றி, தன் முழு எடையையும் போட்டு அழுத்தினார். கார் அசையவில்லை. என்னைப் பார்த்தார்.

"ஏனுங்ணா, ரேஸ் ஓட்டறீங்களா?"

"இல்லீங்க."

"ஓட்டப் போறீங்களா?"

"இல்லீங்க."

"அப்பறம் எதுக்குங்ணா இது? கல்லுல செஞ்ச மெத்தையாட்ட இருக்குது." அடியில் குனிந்து மஞ்சளைப் பார்த்தார். "சாமான் நல்ல சாமான். இது தப்பில்லை. ரோடு தப்பு, நீங்க தப்பு. ஊட்ல அக்கா எப்பிடி?"

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் நடந்ததைச் சொன்னேன். சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட சிரமம் மட்டும் கழுத்து நரம்பில் தெரிந்தது.

"இதை வெச்சுக்கிட்டு அக்காவ மாத்தறதா, அக்காவ வெச்சுக்கிட்டு இதை மாத்தறதான்னு மொதல்ல முடிவு பண்ணிக்குங்க. ரெண்டாவதுன்னா நான் செஞ்சு தாரேன். மொதல்ல சொன்னதுன்னா நமக்குப் பழக்கமில்லீங்க."

ஏதாவது ஒரு குடும்பக் காரின் ஷாக்கை வாங்கி, லேத்தில் ஒரு பிடி கடைந்து மாட்டலாம் என்றார். மெத்தென்று இருக்கும், ஆனால் திருப்பத்தில் கார் சாய்ந்து படுத்து யோசிக்கும். அது எனக்குப் பிடிக்கவில்லை என்பதை என் முகத்தில் கண்டு, "பழசு எங்க?" என்றார். பரண்மேல் சிமெண்டுச் சாக்கில் கட்டி வைத்திருந்தேன். தூக்கிப் போட மனம் வரவில்லை. கவிதைகளையும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தபோது ஒன்றை எடுத்து, தண்டை அமுக்கி, காதருகே வைத்துக் கேட்டார். உள்ளே பிசுக் என்றது.

"உசுரு இருக்குது. பிரிச்சு, புது சீல் போட்டு, எண்ணெய மாத்தி, பிஸ்டன் மேல இருக்கற தகடுகள அடுக்கிக் குடுத்தா ஓடும். தகடுல தானுங்க எல்லாமே. மெல்லிசு மெல்லிசா இருக்கும். எத்தனை, எந்த வரிசைன்னு வெக்கறதப் பொறுத்து வண்டி அடிக்குமா அணைக்குமான்னு இருக்குது. அதுக்கு எனக்கு எடை வேணும். வண்டில எத்தனை பேரு?"

"ரெண்டு."

"எப்பவுமா, எப்பவாச்சுமா?"

நான் கொஞ்சம் விழித்தேன். அவர் காத்திருக்காமல் அடுத்த கேள்விக்குப் போனார். "உங்க எடை?"

"எழுபதுங்க."

ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். "அக்கா?"

இந்த இடத்தில் ஒரு துலாபாரத்தைச் சொல்லியாக வேண்டும். கல்யாணமான இரண்டாம் மாதம், அவளுடைய அம்மாவின் வேண்டுதலுக்காக, கோயிலில் அவளைத் தராசில் உட்கார வைத்து எடைக்கு எடை அச்சுவெல்லம் கொடுத்தோம். வெல்ல மூட்டையைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனவன் நான். ஒரு பக்கம் பச்சைப் பட்டில் அவள், எதிர்த் தட்டில் பொன்னிறக் கட்டிகள், தட்டு மேலே எழும்பி நின்று நடுங்கிய அந்தக் கணம், ஈக்கள், அவள் சிரிப்பு. ஐம்பத்திரண்டு கிலோ. பிறந்தநாள் மறந்திருக்கிறேன், கல்யாண நாள் மறந்திருக்கிறேன். அந்த எண் மறந்ததேயில்லை. ஆகவே தயங்காமல் சொன்னேன்.

"அம்பத்திரண்டு."

பத்து நாளில் நான்கும் தயார். கறுப்புச் சாயம் அடித்து, புதுக் கல்லூரி மாணவர்களைப் போல வரிசையாக நின்றன. மாட்டியதும் அவர் பக்கத்துத் தீவனக் கடையிலிருந்து பருத்திக்கொட்டை மூட்டை ஒன்றைத் தூக்கி வந்தார். இரும்புச் சாமான் நிறுக்கும் எந்திரத்தில் வைத்து, அள்ளி எடுத்து அள்ளிப் போட்டு, சரியாக ஐம்பத்திரண்டுக்குக் கொண்டுவந்து, வாயைத் தைத்தார். இடது இருக்கையில் உட்கார வைத்து பெல்ட்டும் மாட்டினார்.

"இதானுங்க அக்கா. நாலு நாள் ஓட்டிப் பாருங்க. ராத்திரிக்கு வண்டி இங்கயே நிக்கட்டும்."

ஓட்டினேன். சிங்காநல்லூர்க் குளத்தோரம், மூட்டையும் நானும். கூரைத் துணியை மடித்துப்போட்டு, ஆகாயத்தாமரை மேல் நிற்கும் கொக்குகளை எண்ணிக்கொண்டு. கார் தண்ணீர்மேல் இலை போல மிதந்தது. வேகத்தடையில் ஏறி, இறங்கி, ஒரே ஒரு தலையாட்டு, உடனே மௌனம். திருப்பத்தில் பழைய சாய்வு கொஞ்சம் இருந்தாலும் பிடி விடவில்லை. மூட்டை ஒரு தடவைகூட ஓரமாக நிறுத்தச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அதற்கு நான் என்னுடைய புதுக் கவிதை ஒன்றைச் சொன்னேன். அதற்கும் இறங்கவில்லை. இப்படியொரு துணை எனக்கு எந்த இலக்கியக் கூட்டத்திலும் வாய்த்ததில்லை.

நான்காம் நாள் மச்சானிடமிருந்து போன். அவருடைய சரக்கு வண்டி டிரைவர் என்னைப் பார்த்திருக்கிறான்.

"மாப்ளே, தப்பா நெனச்சுக்காதீங்க. குளத்துப் பக்கம் உங்க காருல, பக்கத்து சீட்ல, யாரோ சாக்கப் போத்திக்கிட்டு உக்காந்திருந்தாங்களாமா?"

"மூட்டைங்க மச்சான்."

"மூட்டைக்கு பெல்ட்டுப் போட்டுருந்ததாச் சொல்றான்."

"ஆமாங்க."

"நீங்க அதுகிட்டப் பேசீட்டுப் போனதாவுஞ் சொல்றான்."

அவர் அதைத் தங்கையிடம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? மறுநாள் காலையில் நான் பட்டறையில் இருந்தபோது ஓர் ஆட்டோ வந்து நின்றது. அவள் இறங்கினாள். நேராகக் காரிடம் போனாள். இடது பக்கம் குனிந்து உள்ளே பார்த்தாள்.

"இது யாருங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் பட்டறைக்காரர் முந்திக்கொண்டார். "நீங்கதானுங்க அக்கா."

அவள் மூட்டையின் தோளைத் தொட்டுப் பார்த்தாள். தைத்த வாயைப் பார்த்தாள். "நான் எத்தனைங்க?"

"அம்பத்திரண்டுங்க. அண்ணன் சொன்னாருங்க," என்று என்னைக் காட்டினார்.

என் மனைவி என் பக்கம் திரும்பினாள். கோபம் வரும் என்று நான் தரையைப் பார்த்தேன். கோபம் வரவில்லை. முதலில் வந்தது ஒரு வியப்பு. அதன் பின்னால், அடக்க அடக்க, வயிற்றிலிருந்து எழும்பிய ஒரு சிரிப்பு. கார் மேல் கையூன்றிக்கொண்டு சிரித்தாள்.

"அது வெல்லங்க! இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னாடி நிறுத்த வெல்லங்க! அப்பறம் ரெண்டு புள்ளை பெத்திருக்கறேன், தெரியுமுங்களா?" கைப்பையை என்னிடம் நீட்டினாள். செருப்பைக் கழற்றினாள். பழைய பேரிங்குகளும் உடைந்த ஸ்பிரிங்குகளும் நிறுக்கும் அந்த எந்திரத்தின் மேல், கோயில் தராசில் ஏறிய அதே நிமிர்வோடு ஏறி நின்றாள். "எத்தனைன்னு சத்தமாப் படிங்க."

"எழுபத்தொண்ணு," என்றார் பட்டறைக்காரர், சபையில் ஜெபம் படிக்கிற குரலில்.

"இப்ப இவரு."

நானும் செருப்பைக் கழற்றினேன். பேனாவை எடுத்து வெளியே வைத்தேன். அதனால் ஆகப்போவது எதுவுமில்லை என்று தெரிந்தும். எண்பத்துநாலு.

பட்டறைக்காரர் நோட்டில் இரண்டையும் அடித்து எழுதினார். "ரெண்டு பேருக்கும் சேத்து முப்பத்திமூணு கிலோ பொய்யுங்க. ஒரு சின்னப் பையன அண்ணன் டிக்கில ஒளிச்சு வெச்ச மாதிரி."

மூட்டையை இறக்கிவிட்டு அவளை ஏற்றி ஒரு சுற்றுப் போனோம். முதல் வேகத்தடையிலேயே தெரிந்துவிட்டது. கார் அமுங்கி உட்கார்ந்து, அடியிலிருக்கும் தடுப்பு ரப்பரில் போய் டொம் என்று மோதியது. அவள் கதவைப் பிடித்தாள். இன்னும் பன்னிரண்டு நாளில் காதுகுத்து. அந்த டொம், மண்டபத்து வாசலில் எழும்பிக்கொண்டிருந்த மேடையின் மேல் ஒரு செங்கல் வைத்த சத்தமாக எனக்குக் கேட்டது.

திரும்பி வந்ததும் பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நிச எடைக்கு அடுக்கித் தாரேன். ஸ்பிரிங் உக்கார்ற தட்டையும் இடது பக்கம் ஒரு நூல் ஏத்திப்போடறேன். ஆனா ஒண்ணு சொல்லிப்போடறேனுங்ணா. ரெண்டு ஆளு உக்காந்தா இது பூ மாதிரி போகும். நீங்க ஒத்தை ஆளாப் போனா கொஞ்சம் அடிக்கும். மொரண்டும். ஒரே வண்டிக்கு ரெண்டு மனசு வெக்க முடியாது. தனியா ஓட்டற சொகம் வேணுமா, சேந்து போற சொகம் வேணுமா? இப்பவே சொல்லுங்க, பிரிச்சாச்சுன்னா மறுக்காப் பிரிக்க மாட்டேன்."

எளிய கேள்விதான். ஆனால் அந்தக் காரில் நான் தனியாகப் போகக் கனவு கண்ட நேரங்கள் என் கண்முன் வந்தன. விடிகாலையில் ஆனைமலைப் பக்கம் காலியான சாலை, பனி, தென்னை நிழல் கோடு கோடாக முகத்தில் ஓடுவது, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத அந்தத் தொண்ணூறு கிலோமீட்டர் வேகம். அதற்காகத்தானே கோழியை எழுப்பினேன். நான் யோசித்தது நாலைந்து விநாடி இருக்கும். அவள் அந்த விநாடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரோசிங்க, ரோசிங்க," என்றாள். "அவசரமில்லை. மண்டபமும் இருக்குதல்லங்க."

பேச்சு மரியாதையாகத்தான் இருந்தது. ஆனால் சிரிப்பு போய்விட்டிருந்தது. கைப்பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அந்தச் சின்ன அசைவில் எனக்குச் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு முழுதாகத் தெரிந்தது. அன்று அவளை இறக்கியது முதுகுவலி மட்டுமல்ல. நான் வாங்கிய காரில், நான் எண்ணிய எண்ணில், நான் படித்த வரியில் அவளுக்கு இடமே இல்லை என்பதும்தான். இருபத்திரண்டு வருஷமாக நான் சுமந்துகொண்டிருந்தது ஒரு வெல்ல மூட்டையை.

"ரெண்டு ஆளுக்குங்க," என்றேன்.

"எப்பவுமா, எப்பவாச்சுமா?" பட்டறைக்காரர் விடவில்லை. அவருக்கு ஞாபகசக்தி அதிகம்.

"எப்பவும்."

அடுத்த வாரத்தில் மூன்று தடவை அவள் பட்டறைக்கு வந்தாள். தகடு மாற்ற மாற்ற ஏறி உட்கார்ந்து, குழம்பில் உப்புப் பார்ப்பதுபோல ஒரு வேகத்தடை, ஒரு பள்ளம், ஒரு திருப்பம். "இன்னுங் கொஞ்சம்," என்பாள். அல்லது, "இப்ப ஜாஸ்தியாப் போச்சுங்க, தொளதொளங்குது." நான் ஒரு மாதம் படித்து அறியாததை அவள் முதுகு மூன்று நாளில் சொல்லிவிட்டது. கடைசித் தடவை இறங்கி வந்து பட்டறைக்காரரிடம் சொன்னாள். "இது போதுங்க. இதுக்கு மேல நல்லா இருந்தா இவரு தூங்கிப்போடுவாரு." மஞ்சள் நான்கும் ரேஸ் ஓட்டும் ஒரு பையனிடம் போயின. அவனோடு சாலை நன்றாகப் பேசுகிறதாம்.

காதுகுத்து அன்று காலை, பச்சைப் பட்டுக் கட்டி வந்து உட்கார்ந்தாள். மடியில் ஒரு தூக்குப்போசி. உள்ளே அவள் அண்ணனுக்குப் பிடித்த அரிசிப் பருப்புச் சாதம். விருந்து வீட்டுக்குச் சோறு கொண்டுபோகிறவர்கள் நாங்கள் மட்டும்தான். பஸ் ஸ்டாண்டு வந்தது. என் கால் தானாக வேகத்தைக் குறைத்தது.

"ஏனுங்க, சித்த நிறுத்துங்க."

நிறுத்தினேன். வியர்த்தது. அவள் ஜன்னல் வழியாகக் கைநீட்டி, கூடையோடு நின்றவரிடம் நாலு முழம் மல்லிகை வாங்கி, உட்கார்ந்தபடியே தலையில் வைத்துக்கொண்டாள். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க இப்படி வேர்க்குது?"

"ஒண்ணுமில்ல."

அவிநாசி தாண்டிய பிறகு முன்னால் அந்தப் பஸ். அதே ஈரோடு. பின்பக்கம் இந்த முறை வாழைத்தாருக்குப் பதிலாக ஒரு கட்டில். அவள் இருக்கையில் நிமிர்ந்தாள். "அந்தப் பஸ்ஸுத்தானுங்க," என்றாள், ஏதோ பழைய பகைவனை அடையாளம் காட்டுவதுபோல. "முந்துங்க."

"முதுகு?"

"முதுக நான் பாத்துக்கறேன். நீங்க ரோட்டப் பாருங்க."

முந்தினேன். எண்பது, தொண்ணூறு. பாலத்தின் இணைப்பு வந்தது. கார் தும்மக்கூட இல்லை. பஸ்ஸின் மூன்றாவது ஜன்னலில் யாரோ ஒரு பெரியவர் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு அவள் கையசைத்தாள், அக்கறையோடு.

பெருந்துறையில் வாசலுக்கே வந்து நின்றிருந்தார் மச்சான். கார் நின்றது. அவள் இறங்கவில்லை. ஒரு நிமிஷம் ஆயிற்று. அவருடைய முகத்தில் கவலையும், கவலையின் ஓரத்தில் மண்டபத்து மேடையும் ஒளிர்ந்தன.

"என்ன கண்ணு, முதுகு போச்சா?"

"முதுகுக்கு ஒண்ணுமில்லீங்ணா. சீட்டு பள்ளத்துல இருக்குது, சேலையோட எந்திரிக்க முடியல. மொதல்ல போசிய வாங்குங்க, அப்பறம் கையக் குடுங்க."

மச்சான் அவளைத் தூக்கிவிட்டார். பிறகு காரின் மூலையில் கைவைத்து ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தார். கார் தணிந்து, எழுந்து, நின்றது. "ம்," என்றார். அவ்வளவுதான். கட்டிய மேடையில் இப்போது ஃபைபரில் செய்த ஒரு யானை நிற்கிறது. பொண்ணும் மாப்பிள்ளையும் அதன் தும்பிக்கையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

விருந்துக்கு வந்த ஒறம்பரை இன்னும் கலையவில்லை, ஒத்தாசைக்கு இரண்டு நாள் இருந்து வருகிறேன் என்று அவள் தங்கிவிட்டாள். எனக்கு மறுநாள் ஒரு பம்ப்செட் விளம்பரம் முடிக்க வேண்டியிருந்தது. சாப்பிட்டதும் தனியாகக் கிளம்பினேன். தெருமுனை தாண்டுவதற்குள் பட்டறைக்காரர் சொன்னது நடந்தது. கார் அடித்தது. இடது பக்கம் தூக்கிக்கொண்டு, எடையில்லாத இருக்கையை ஒவ்வொரு கல்லிலும் உதறி உதறிக் காட்டியது. கால் கிலோமீட்டர் போயிருப்பேன். திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

மச்சான் வாசலிலிருந்த தேங்காய்க் குவியலைக் காட்டினார். அந்த வீட்டிலிருந்து யாரும் வெறும் வண்டியோடு போனதாக வரலாறு இல்லை. சாக்கில் அள்ளினார்கள். மச்சானுடைய பட்டறையிலிருந்து எடை எந்திரம் வந்தது. என் மனைவி திண்பண்டத் தட்டோடு வந்து நின்று, எண்ணைப் பார்த்து, "இன்னும் ரெண்டு காய் போடுங்ணா, சரியா வெக்கோணும்," என்றாள். எழுபத்தொண்ணு. மூட்டையை இடது இருக்கையில் உட்கார வைத்து, அவளே பெல்ட் மாட்டினாள்.

சாயந்தர வெயில் எதிரே அடித்தது. கார் பூ மாதிரி போனது. சிங்காநல்லூர் நெருங்கும்போது போன் ஒலித்தது. ஓரமாக நிறுத்தி எடுத்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரேதான்.

"எங்கிருக்கீங்க?"

சொன்னேன்.

"மூட்டை எறங்கிப் பஸ் ஏறிப்போச்சுங்களா?"

திரும்பிப் பார்த்தேன். பெல்ட்டுக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. "இல்ல அம்மணி. அப்படியே உக்காந்திருக்குது. ஆனா வழி பூராம் ஒரு பேச்சுக்கூடப் பேசல."

"கவிதை சொன்னீங்களா?"

"இல்ல."

"அதானுங்க இன்னும் எறங்கல," என்று சொல்லிவிட்டு, போனை வைத்தாள்.